பிச்சிப்பூ வைத்த தொப்பி

உவரிக்கார ரோஸி போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின், திருநெல்வேலியில் எங்கள் ஜவுளிக்கடையின் தொப்பிப் பிரிவை அவள்தான் கவனித்துக்கொள்கிறாள்.

"பேச்சிக்கா, நம்ம பிரிவுக்குப் புதுசா ஒரு திரை வந்திருக்கு. முன்னால போய் நின்னாப் போதும், தொப்பி தானா தலையில வந்து உக்காந்துக்கிடுது. ஒருநாளு வந்து பாருங்க" என்றாள்.

ஒருநாள் வரை யாரால் பொறுக்க முடியும்? அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். திரை முன்னால் போய் நின்றால், அடடா, என் நரைத்த கொண்டைக்கு மேல் ஒரு கௌபாய் தொப்பி! கையை அசைத்தால் அது மாறி, பூப்போட்ட குடைத் தொப்பி வருகிறது. தலையைக் குனிந்தால் தொப்பி ஒரு நொடி அந்தரத்திலேயே நின்றுவிட்டு, அப்புறம் பதறி ஓடிவந்து தலையில் ஒட்டிக்கொள்கிறது. நான் வேண்டுமென்றே குனிந்து குனிந்து அதை ஓட விட்டேன். எனக்குப் பின்னால் நின்ற காலேஜ் பையன்கள், "பாட்டி, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க" என்று கெஞ்சும் வரை நான் நகரவில்லை.

ரோஸிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா வாரவுக எல்லாரும் ஒண்ணுதான் கேக்காவ. ஒரே ஒரு சாதா தொப்பி வாங்குதேன், வேலைக்கும் போடணும், வெளியூருக்கும் போடணும், விசேஷத்துக்கும் போடணும், எப்படின்னு சொல்லும்மாங்காவ. திரை அதுக்கு வாயத் தெறக்க மாட்டேங்கு. நீங்க எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுத வராது. நடந்ததைத்தான் சொல்ல வரும்.

நான் தொப்பிப் பிரிவுக்கு வந்ததே ஒரு தண்டனையாகத்தான். முதலில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே சேலையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இது எடுக்காது", "உங்களுக்குத்தான் எடுக்காது" என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளே மேலாளர் என்னை மாடிப்படிக்கு அடியில் இருந்த தொப்பி மூலைக்கு மாற்றிவிட்டார். சேலைப் பிரிவில் சிரிக்கக் கூடாது. தொப்பிப் பிரிவில் சிரிக்காமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. தண்டனை கொடுத்த புண்ணியவானை இன்றைக்கும் மனதார வாழ்த்துகிறேன்.

அந்த மூலைக்குப் பொறுப்பாளர் செய்யது அண்ணாச்சி. மேலப்பாளையத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெடு நெடுவென்று உயரம். அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ரொம்பவும் சிரிப்பு வந்தால் தாடி மட்டும் லேசாக ஆடும். அந்தத் தாடியை ஆட்டிவைப்பதே எனக்கு முழுநேர வேலையாக இருந்தது.

அண்ணாச்சியின் முறைகள் தனி. எங்கள் கண்ணாடியை எப்போதும் ஒரு துண்டு போட்டு மூடி வைத்திருப்பார். வருகிறவர்கள் தொப்பியை எடுத்ததும் கண்ணாடியைத் தேடுவார்கள். "மொதல்ல தலைக்குப் புடிக்கட்டும். கண்ணுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்" என்பார். அப்புறம், "எங்கன போட்டுட்டுப் போகப் போறிய?" என்று கேட்பார். பதில் வந்தபின், மாடிப்படி வரை நடந்து திரும்பி வரச் சொல்வார். நடக்கும்போது கை தொப்பிக்குப் போனால் அது சரியில்லை என்று அர்த்தம். பின்பக்கத்து வாருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்மடல் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளி நிற்க வேண்டும். காது மடங்கவே கூடாது.

புதுத் தொப்பியின் மடல் அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கும். அதை வளைத்து ஒரு சில்வர் டம்ளருக்குள் செருகி வைத்துவிட்டு, வந்தவருக்கு டீ சொல்வார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மடல் அவர் நெற்றிக்குத் தக்கபடி வளைந்திருக்கும். இவ்வளவும் ஆனபிறகுதான் கண்ணாடியின் துண்டு விலகும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோவிலில் சாமிக்குத் திரை விலக்கினதைப் பார்த்த மாதிரி நிற்பார்கள்.

எழுத்து இல்லாத, படம் இல்லாத, வெறும் பருத்தித் தொப்பிதான் அண்ணாச்சிக்குப் பிடிக்கும். நல்ல சாதா தொப்பி ஒன்று இருந்தால் ஒரு மனுசன் எங்கேயும் போகலாம் என்பது அவர் கட்சி. இந்தக் கட்சியில் நான் சேர்ந்தது ஒரு தலைமையாசிரியரால்தான்.

பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்றவர். காலை நடைக்குத் தொப்பி வேண்டும் என்றார். நான் முறைப்படி இரண்டு விரல் வைத்துப் போட்டுவிட்டேன். கழற்றியபோது நெற்றியில் பூசியிருந்த திருநீற்றில் பாதியைத் தொப்பி எடுத்துக்கொண்டது. அவர் முகம் வாடிவிட்டது. "இத்தன வருசத்துல வெறும் நெத்தியோட நான் வெளிய போனதில்லம்மா" என்றார். அண்ணாச்சி குனிந்து அவருடைய மூன்று பட்டைகளையும் பார்த்தார். "பேச்சி, சாருக்கு நாலு விரல்" என்றார். நான்கு விரல் ஏற்றி, தொப்பியைக் கொஞ்சம் பின்தள்ளி உட்கார வைத்தோம். திருநீறும் தெரிந்தது, வெயிலும் மறைந்தது. மனிதர் பார்க்க ரயில் இன்ஜின் டிரைவர் மாதிரி ஜம்மென்று ஆகிவிட்டார். அடுத்த மாதம் தன்னோடு நடக்கிற கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தார். எல்லார் நெற்றியிலும் திருநீறு, எல்லாருக்கும் நாலு விரல்.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழை போட்டிருக்கிற ஒருவர் வந்தது இன்னொரு கூத்து. தலையில் துண்டு இல்லாமல் அவருக்கு ஓடாது. மகன் துபாயிலிருந்து வருகிறான், விமான நிலையத்துக்குத் தொப்பி போட்டுத்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டானாம். "துண்ட விட்டுட்டு தொப்பி போட்டா, பாதி உடுத்தின மாதிரி இருக்கு தாயீ" என்று நெளிந்தார். விடுவானேன்? துண்டை நனைத்துப் பிழிந்து தலையில் போட்டு, கழுத்து மறைகிற மாதிரி பின்னால் தொங்கவிட்டு, அதன்மேல் தொப்பியை வைத்து வாரை இறுக்கினேன். பிடரி குளிர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டார். மகனை வரவேற்றாரோ இல்லையோ, அன்றிலிருந்து வாழைத் தோப்புக்கு அவர் அப்படித்தான் போகிறார் என்று கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் சின்னச் சின்ன விளையாட்டுகள். எங்கள் இரண்டு பேரையும் திணற அடித்தது இசக்கிதான்.

அவள் அண்ணனோடு வந்தாள். பால் சங்கத்தில் கணக்குப் பார்க்கிற பெண், கல்யாணமானவள். தலையைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். அதை அவிழ்த்தாள். சந்தனம் பூசின மொட்டைத் தலை, மாடிப்படி விளக்கில் தகதகவென்று மின்னியது. எனக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தால், அவளே சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இதுதான். அவள் அண்ணன் மாரிக்கு வருசக்கணக்காகப் பெண் அமையவில்லை. "அண்ணனுக்கு ஒரு நல்ல பொண்ணு அமைஞ்சா என் முடியத் தாரேன்" என்று இசக்கி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் பெண் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் இவள் திருச்செந்தூர் பஸ்ஸில் இருந்தாள். யாராக இருந்தாலும் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருப்பார்கள். இவளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"நேந்துக்கிட்டத நாளு கடத்தலாமாக்கா? பொண்ணு வீட்டுல மனசு மாறிட்டாவன்னா?" என்றாள்.

திருச்செந்தூரில் அவள் மொட்டையைப் பார்த்து எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர், "இப்பதான் உன் மொகம் முழுசாத் தெரியுது" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வீட்டுக்கு மூத்தவளான சொர்ணத்து அத்தைதான் தலையில் அடித்துக்கொண்டாளாம். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டபின், மற்ற இரண்டு முடிச்சுகளையும் மாப்பிள்ளையின் தங்கைதான் போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. "சுமங்கலிப் பொண்ணு மொட்டத் தலையோட மணவறையில நிக்கப்படாது. நல்ல காரியத்துல சகுனத் தடை. முடிச்ச நான் போட்டுக்கிடுதேன்" என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

இதைச் சொல்லும்போது இசக்கியின் சிரிப்பு போய்விட்டது. "அந்த முடிச்ச நான் போடணும்னுதான் இத்தன வருசம் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன் அண்ணாச்சி. வேற யாரு போட்டாலும் எனக்கு ஆறாது" என்றாள். மாரி பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சவுரி முடி வச்சுக் கட்டினா என்ன?" என்று கேட்டேன்.

"சாமிக்குக் குடுத்த எடத்துல இன்னொருத்தி முடிய வைக்கலாமாக்கா? குடுத்தத திரும்ப வாங்கின மாதிரில்லா இருக்கும்?"

"சேலையால முக்காடு?"

"முக்காடு துஷ்டி வீட்டுக்குத்தான்னு அத்த வாயத் தெறக்க விட மாட்டேங்காவ." சாவு வீட்டைத்தான் எங்கள் பக்கம் துஷ்டி வீடு என்போம்.

செய்யது அண்ணாச்சி தொப்பி அடுக்கின் பக்கம் திரும்பினார். கருப்புத் தொப்பியைத் தள்ளி வைத்தார். நீலத்தையும் தள்ளினார். அரக்கு நிறத்தில் ஒரு சாதா தொப்பியை எடுத்தார். கூறைப்பட்டின் நிறம். அன்றாடத்துக்கும் உறுத்தாது. இசக்கியின் தலையில் வைத்தார். மயிர் இல்லாத தலையில் தொப்பி வழுக்கிக்கொண்டு மூக்கு வரை வந்து நின்றது. ஊசி குத்தலாம் என்றால் எதில் குத்துவது? அண்ணாச்சி செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, உள்பக்கத்து விளிம்புத் துணிக்குள் சுற்றிச் செருகினார். அதன்மேல் பஞ்சு. இப்போது தொப்பி கெட்டியாக உட்கார்ந்தது.

"மணவறையில நீ என்ன செய்வே? செஞ்சு காட்டு பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான், எங்கள் மூலையே கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. நான் ஸ்டூலில் மணப்பெண்ணாக உட்கார்ந்தேன். மாரி பக்கத்தில். அளவு டேப்பைத் தாலியாக என் கழுத்தில் போட்டார்கள். சேலைப் பிரிவிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். மேலாளரும் வந்து, அதட்டுவதா பார்ப்பதா என்று தெரியாமல் பார்த்தார். அண்ணாச்சி கையை உயர்த்தி, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், "கெட்டிமேளம்!" என்றார். ஒருத்தி அட்டைப்பெட்டியில் தட்டத் தொடங்கிவிட்டாள்.

இசக்கி பின்னாலிருந்து குனிந்தாள். தொப்பியின் மடல் என் கொண்டையில் முட்டி, தொப்பி பறந்து மேலாளர் காலடியில் விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் ஸ்டூலே ஆடியது. பக்கவாட்டில் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். மடல் என் காதுக்குள் நுழைந்தது. மூன்றாவதாக, முன்பின்னாகத் திருப்பிப் போட்டோம்.

அப்போதுதான் கண் திறந்தது. திருப்பிப் போட்டால், வாருக்கு மேலே இருக்கிற அரைவட்ட இடைவெளி சரியாக நடுநெற்றிக்கு மேல் வருகிறது. அந்த வளைவுக்குள் நெற்றிச்சுட்டியைத் தொங்கவிட்டேன். அதற்கென்றே வெட்டின வாசல் மாதிரி இருந்தது. இடைவெளியில் கொஞ்சம் மொட்டையும் தெரிந்தது. இசக்கி, "அங்கன சந்தனம் வச்சுக்கிடுதேன். முருகனும் கொஞ்சம் தெரியட்டும்" என்றாள். பின்கழுத்தில் இறங்கிய மடல் முழுக்கப் பூச்சரத்தைச் சுற்றி, அதிலிருந்து சடை மாதிரி முதுகில் தொங்கவிட்டோம். கடைப் பூதான், துணிப்பூ. அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், தலையை ஆட்டினாள். தொப்பி அசையவில்லை. என் கழுத்தில் டேப்பை முடிச்சுப் போட்டாள். அண்ணாச்சி கண்ணாடித் துண்டை விலக்கினார். இசக்கி தன்னைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சியின் தாடி தாராளமாக ஆடியது.

அன்றாடத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன். ரோஸி, இதைக் கவனி. பஸ்ஸுக்கும் வேலைக்கும் மடலை முன்னால் வைத்து, பின் இடைவெளியில் ஒரு முழம் பிச்சிப்பூவை மாலையாக நுழைத்துத் தொங்கவிடச் சொன்னேன். சுடிதார் ஆனாலும் சரி, சேலை ஆனாலும் சரி, பூ வைத்ததும் தொப்பி நம்ம ஊர்த் தொப்பி ஆகிவிடுகிறது. கோவிலில் கழற்றிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்த செம்பின்மேல் காயவைத்தால் உருக்குலையாது. இசக்கி அப்படியே போட்டுக்கொண்டு போனாள். தெருவில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் சொர்ணத்து அத்தையே இசக்கியின் தொப்பியோடு கடைக்கு வந்துவிட்டாள். சின்ன உருவம், பெரிய குரல். அரக்குத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஜாக்கெட் துணியைப் பார்ப்பதுபோலத் தையலை இழுத்துப் பார்த்தாள்.

"இது அவுந்து விழுமாய்யா?"

"விழாது ஆச்சி. குனிஞ்சு நிமிந்து பாத்தாச்சு" என்றார் அண்ணாச்சி.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல. அந்தப் புள்ளைக்கு எம்புட்டு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா மணவறையில மொட்டத் தல தெரியப்படாது. தெரிஞ்சுதுன்னா அந்த நிமிசமே அவ எறங்கிரணும். முடிச்சு என் கைக்கு வந்திரணும். இதுக்குச் சம்மதம்னா அவ நிக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தொப்பியை என்னிடம் நீட்டினாள். நான் செய்தித்தாள் பட்டையை இன்னொரு சுற்று சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

கல்யாணம் பாபநாசம் கோவில் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். விடிந்ததும் இசக்கிக்கு நானே தொப்பியைப் போட்டு, இடைவெளி முழுக்கச் சந்தனம் அப்பி, நெற்றிச்சுட்டி வைத்து, அளவாகப் பூச்சுற்றி, ஆட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. நிம்மதியாக இட்லி சாப்பிடப் போனேன். நான் செய்த தப்பு அந்த இட்லிதான். திரும்பி வந்து பார்த்தால், இசக்கியின் முதுகில் பூ நிரம்பி வழிகிறது. ஈரம் சொட்டச் சொட்டப் பிச்சி, கனகாம்பரம், மரிக்கொழுந்து, பந்து பந்தாக.

"யாரு வச்சா?" என்றேன் பதறிப்போய்.

"அத்ததான்க்கா. நாத்தனாருக்கு இம்புட்டுத்தானா பூவுன்னு கூடையோட கொண்டாந்து வச்சுட்டாவ. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்றாள். அவள் கண்ணில் அவ்வளவு சந்தோஷம். அத்தை கையால் பூ வைத்துவிட்டாளே! எடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். அதற்குள் "முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் முன்வரிசையில் நின்றேன். என் கண் அந்தப் பூப்பந்தை விட்டு நகரவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. மாரி தாலியைக் கட்டி முதல் முடிச்சுப் போட்டான். நூலின் இரண்டு முனைகளும் இசக்கி கைக்கு வந்தன. அவள் குனிந்தாள். ஈரப்பூ மொத்தமும் முதுகிலிருந்து வழுக்கித் தோளைத் தாண்டி முன்னால் சரிந்தது. போன வேகத்தில் தொப்பியையும் இழுத்துக்கொண்டு போய், மணப்பெண்ணின் மடியில் தொப்பென்று விழுந்தது.

மண்டபம் முழுக்கப் பார்த்தது. மொட்டைத் தலை, வீடியோக்காரர் விளக்கில் முழு நிலாவாகத் தெரிந்தது. மேளக்காரர் கை நின்றுவிட்டது. இசக்கியின் இரண்டு கையிலும் தாலிக்கயிறு. விட்டால் முடிச்சு போகும். விடாவிட்டால் அத்தைக்குக் கொடுத்த வாக்கு போகும். அவள் அப்படியே உறைந்து, கண்ணை மட்டும் தூக்கி அத்தையைப் பார்த்தாள்.

அத்தை ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு மணவறைமேல் ஏறினாள்.

"எதுக்குவே மேளத்த நிறுத்தினீரு? அடியும்!" என்று மேளக்காரரைப் பார்த்து ஒரு அதட்டல். அப்புறம் இசக்கியிடம் குனிந்து, "ஏட்டி, முடிச்ச விட்டுராத! தலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் அந்த மொட்டைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டாள். சின்னக் கைகள். எவ்வளவு விரித்தாலும் பாதித் தலைகூட மறையவில்லை. மேளம் பிளந்து கட்டியது. மணப்பெண் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இசக்கி அழுதுகொண்டே இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டு இறுக்கினாள். அதுவரை அத்தை கையை எடுக்கவே இல்லை.

இசக்கி நிமிர்ந்ததும், அந்த மொட்டைத் தலையை அத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சடசடவென்று நெட்டி முறித்தாள்.